ஜன்னல் அக்காவின் எடை

ஒன்பது பேருடைய வேலையை எடை போட்டுச் சொல்லும் நிரலைக் கத்திரி ஒரே மத்தியானத்தில் எழுதி முடித்தான். முடித்த கையோடு ஓட்டியும் பார்த்தான். பட்டியலில் முதல் வரி அவனுடையது. அதில் அவனுக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. கடைசி வரியைப் பார்த்ததும்தான் நிரலில் ஏதோ கோளாறு என்று நினைத்தான். ஜன்னல் அக்காவுக்கு நேரே ஒரு பூஜ்யம் உட்கார்ந்திருந்தது.

இந்தப் பெயர்களைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அது ஒரு பல் மருத்துவருக்கு மேல் மாடியில் இருந்த அலுவலகம். கீழே பல்லைக் குடையும் சத்தம் கேட்கும்போதெல்லாம் மேலே இருப்பவர்கள் தங்கள் கன்னத்தைத் தடவிக்கொள்வார்கள். அங்கே எழுதப்பட்டது ஒரு கெர்னல். மருத்துவமனையில் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கம்பியில் மாட்டி, சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றுவார்களே, அந்தப் பம்புக்குள் மோட்டார் எவ்வளவு வேகத்தில் சுற்ற வேண்டும், அலாரம் எப்போது அடிக்க வேண்டும், திரையில் என்ன தெரிய வேண்டும் என்று அத்தனையையும் மேய்க்கும் அடிநிரல்தான் கெர்னல். ஒருவர் இருநூறு வரியில் எழுதியதை நாற்பது வரியாக நறுக்கிவிட்டு, நறுக்கியதை நாலு நாளைக்குச் சொல்லிக்கொண்டு திரிவதால் அவன் கத்திரி. ஜன்னலோர நாற்காலியில் உட்காருவதால் அவர் ஜன்னல் அக்கா. எழுதிய நிரலைப் பம்புக்குப் புரியும் பாஷைக்கு மாற்றித் தரும் கம்பைல் கணினிக்கும் ஒரு பெயர் உண்டு, மாமியார். எதை அனுப்பினாலும் ஒரு குற்றம் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புவதால் வந்த பெயர்.

எடை போடும் யோசனை கத்திரியுடையது அல்ல. தலைமை அலுவலகத்திலிருந்து வந்த புது மேலாளருடையது. யார் எதைச் சொன்னாலும் "அதுக்கு ஒரு நம்பர் குடுங்க" என்பார். வந்த இரண்டாம் நாளே அவருக்குத் தராசு என்று பெயர் வைத்தாகிவிட்டது, அவருக்கு மட்டும் அது தெரியாது.

"கடைசியில பம்புக்குள்ள ஏறுற ஃபைல் இத்தனை பைட். அதுல யார் எழுதின வரியிலிருந்து எத்தனை பைட் வந்திருக்கு? இவ்வளவுதான் எனக்குத் தெரியணும். பம்புக்குள்ள போகாத வேலை, வேலையா?" என்று கேட்டார் தராசு.

கேட்டால் நியாயமாகத்தான் இருந்தது. கத்திரிக்கு அது பிடித்தும் இருந்தது. நிரலில் கோளாறு இருக்கிறதா என்று இரண்டு முறை சரிபார்த்தான், கோளாறு இல்லை. மூன்று வருஷமாக ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, அடுத்தவர் எழுதியதை எல்லாம் படித்துக்கொண்டிருந்த அந்த அம்மாளின் வேலையில் ஒரு பைட்கூடப் பம்புக்குள் போகவில்லை.

பட்டியலைப் பார்த்த தராசின் முகம் மலர்ந்தது. "இவங்க ஒப்பந்தம் வெள்ளிக்கிழமையோட முடியுது. வருஷா வருஷம் புதுப்பிச்சிருக்காங்க. ஏன்னு யாருக்கும் தெரியலை. நல்லா சரிபார்த்து ஒரு பக்கத்துல எழுதிக் குடுங்க. வெள்ளிக்கிழமை மூன்றரைக்கு முடிச்சிடலாம்."

அக்காவுக்கு அந்த வேலை எவ்வளவு முக்கியம் என்று அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். வீட்டுக்காரர் பேருந்து ஓட்டுகிறார், இன்ன நேரம் என்று கிடையாது. மகளின் பள்ளி அதே தெருவின் கோடியில். நாலு மணி அடித்தால் அக்கா பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார், பேசிக்கொண்டிருந்த வாக்கியம் பாதியில் நின்றாலும் சரி. இப்படி ஒரு வேலை, இப்படி ஒரு தெருவில், இன்னொன்று கிடைப்பது குதிரைக்கொம்பு. கத்திரிக்கு மனசு ஒரு ஓரத்தில் உறுத்தியது. ஆனால் பூஜ்யத்தை அவனா எழுதினான்? அவன் எழுதிய நிரல்தானே எழுதியது. இப்படி ஒரு சமாதானத்தைச் சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

அவன் மனைவி நர்ஸ். கணவன் எழுதும் பம்புகள்தான் அவள் வார்டிலும் தொங்குகின்றன. அதனால் அவன் வீட்டுக்கு வந்ததும் குடிக்கத் தண்ணீர் கிடைக்கிறதோ இல்லையோ, புகார் கிடைத்துவிடும்.

"உங்க பம்பு கத்துற கத்துல, தூங்குறவர் எழுந்து உட்கார்ந்து மன்னிப்பு கேக்குறார். சத்தத்தைக் குறைக்க ஒரு பட்டன் வைக்கக் கூடாதா?"

"இந்த வாரம் அதைத்தான் எழுதப்போறேன். நாலு வார்டிலிருந்து கேட்டிருக்காங்க."

"எங்க வார்டிலிருந்து நான்தான் கேட்டேன்" என்றாள் அவள்.

செவ்வாய்க்கிழமை காலையில் கத்திரி அக்காவின் வரிகளைத் திறந்து பார்த்தான். எல்லாமே மேக்ரோக்களுக்குள் இருந்தன. மேக்ரோ என்பது சொன்னதைச் சொன்ன இடத்தில் ஒட்டும் சமாச்சாரம். நாம் ஒரு சின்னப் பெயரை எழுதினால், கம்பைலர் வேலையை ஆரம்பிக்கும் முன் அந்தப் பெயரை எடுத்துவிட்டு, அதற்குரிய நீளமான வரியை அங்கே ஒட்டிவிடும். ஒட்டியது பொருந்துகிறதா என்ற கவலை அதற்குக் கிடையாது. அக்காவின் முதல் வரியைப் படித்த கத்திரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எதற்கும் பயன்படாத இரண்டு மாறிகளை, அதாவது மதிப்பு வைக்கும் இடங்களை, உண்டாக்கி, நினைவகத்தில் அவற்றின் முகவரிகள் இரண்டும் ஒன்றா என்று ஒப்பிட்டு, கிடைத்த விடையைப் பார்க்காமலே தூக்கி எறிந்தது அந்த வரி.

விடையை எறிவதற்கு ஒரு கேள்வி. அதைக் கேட்பதற்கு ஒரு ஆள். இரண்டாவது வரியும் அதே லட்சணம்தான். மேற்கொண்டு படிக்க அவனுக்குப் பொறுமை இல்லை. யார் எழுதிய வரி எது என்பது அவன் நிரலுக்குத்தான் தெரியுமே, அக்கா எழுதிய வரிகளை மொத்தமாக எடுத்துவிடு என்று ஒரே கட்டளை கொடுத்தான். நானூற்றுப் பன்னிரண்டு வரிகள் போயின. மிச்சத்தைக் கம்பைல் செய்து, பழைய ஃபைலையும் புதிய ஃபைலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். முதல் பைட்டிலிருந்து கடைசி பைட் வரை ஒரு மாற்றமும் இல்லை.

இதைவிட என்ன சாட்சி வேண்டும்? நானூற்றுப் பன்னிரண்டு வரிகளை ஒரே வெட்டில் எடுத்ததும், எடுத்த பிறகும் பம்பு மயிரிழைகூட மாறாததும் அவன் வாழ்க்கையிலேயே பெரிய நறுக்கல். அன்றைக்கே தராசிடம் போய்ச் சொன்னான். தராசு அவன் முதுகில் தட்டினார். அந்த மகிழ்ச்சியில், வெட்டிய வரிகளைத் தன் கணினியில் திரும்ப வைக்க மறந்துபோனான். இந்தக் கதையில் அவன் செய்த முதல் நல்ல காரியம் அந்த மறதிதான், அதையும் தெரியாமல்தான் செய்தான்.

புதன்கிழமை அலாரப் பட்டனை எழுதினான். மோட்டாருக்கு வேகப் பட்டன் ஏற்கெனவே இருந்தது. அந்த நிரலை அப்படியே எடுத்து ஒட்டி, மோட்டார் என்று இருந்த இடங்களில் அலாரம் என்று மாற்றினான். யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்வார்கள். மாமியாரைத் தொந்தரவு செய்யாமல் தன் கணினியிலேயே கம்பைல் செய்தான். முதல் தடவையே மறுபேச்சில்லாமல் போயிற்று. மூன்று வருஷத்தில் அவனுக்கு அப்படி நடந்ததே இல்லை. "இன்னிக்கு யார் முகத்துல முழிச்சேன்" என்று வாய்விட்டே சொன்னான்.

சோதனை மேஜையில் ஒரு பம்பு உண்டு. மருந்துக்குப் பதில் தண்ணீர், நோயாளிக்குப் பதில் அளவுக் கோடு போட்ட ஒரு கண்ணாடிக் குவளை. புது நிரலை ஏற்றினான். ஐந்து நொடிக்கு ஒரு சொட்டு விழுந்தது. அலாரத்தை அடிக்கவிட்டுச் சத்தப் பட்டனை ஒரு படி கூட்டினான். சத்தம் கூடவில்லை. இன்னும் இரண்டு படி கூட்டினான், அப்போதும் கூடவில்லை. பட்டனில் என்ன தப்பு என்று குனிந்தவன் காதில் வேறொரு சத்தம் விழுந்தது. குவளையில் தண்ணீர் சொட்டவில்லை, ஒழுகிக்கொண்டிருந்தது.

சத்தத்தைக் குறைத்தான், ஒழுக்கு சொட்டாயிற்று. கூட்டினான், சொட்டு ஒழுக்காயிற்று. காது மந்தமான ஒரு நோயாளிக்காக யாராவது நர்ஸ் அந்தப் பட்டனை நாலு தடவை அழுத்துவாள். அந்த நர்ஸ் அவன் மனைவியாகவே இருக்கலாம். குவளையில் விழும் தண்ணீர் அப்போது தண்ணீராக இருக்காது.

மூன்று மணி நேரம் வரி வரியாகத் தேடினான். எங்கேயும் தப்பு தெரியவில்லை. களைத்துப்போய், எதை எதை மாற்றினோம் என்று பட்டியல் போட்டபோதுதான் வெட்டிய வரிகள் வெட்டியபடியே இருப்பது நினைவுக்கு வந்தது. அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று முனகிக்கொண்டே அவற்றைத் திரும்ப வைத்துக் கம்பைல் செய்தான். திரையில் சிவப்பு எழுத்தில் ஒரு வாக்கியம் வந்தது.

'இங்கே கேட்டது அலாரத்தின் கொக்கி. நீங்கள் கொடுத்திருப்பது மோட்டாரின் கொக்கி. எங்கிருந்து எடுத்து ஒட்டினீர்கள்?'

கையும் களவுமாகப் பிடிபட்டவன்போல அவன் சட்டென்று பின்னால் திரும்பிப் பார்த்தான். யாரும் இல்லை. அந்தக் குரல் அவனுக்குப் புதிதல்ல. மாமியார் பேசுவது எப்போதுமே அப்படித்தான். 'இது காலி முகவரி, இதை நம்பி எங்கே போகிறீர்கள்?' என்று கேட்கும். 'இரண்டும் ஒரே நீளம்தான், ஆனால் ஒரே ஆள் இல்லை' என்று சொல்லும். தலைமை அலுவலகம் அனுப்பிய கணினியில் யாரோ முன்பே போட்டுவைத்த வசனங்கள் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அந்த வாக்கியம் எந்த வரியிலிருந்து வந்தது என்று கத்திரி முதல் தடவையாகத் தேடிப் போனான். நானூற்றுப் பன்னிரண்டில் ஒன்றிலிருந்து வந்திருந்தது. மற்ற வசனங்களையும் தேடினான், எல்லாமே அங்கே இருந்தன. மூன்று வருஷமாக அலுவலகமே பல்லைக் கடித்துக்கொண்டு திட்டிய மாமியார், அவனுக்கு மூன்று மேஜை தள்ளி, ஜன்னலோரத்தில் உட்கார்ந்து ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தார்.

இப்போது அந்த வரிகளை ஒழுங்காக உட்கார்ந்து படித்தான். கெர்னலில் மோட்டாருக்கு ஒரு பெட்டி, அலாரத்துக்கு ஒரு பெட்டி என்று நினைவகத்தில் தனித்தனி இடம் உண்டு. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு கொக்கி. கொக்கியின் முகவரியைக் கொடுத்தால் அதிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பெட்டியின் தலைவாசலைக் காட்டும் மேக்ரோ ஒன்று உண்டு. சமையலறையிலிருந்து பத்தடி பின்னால் போனால் வாசல் என்பது நம் வீட்டில் சரி, அடுத்த வீட்டுச் சமையலறையில் நின்றுகொண்டு பத்தடி பின்னால் போனால் எங்கே போவோமோ தெரியாது. மேக்ரோவுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. முகவரி என்பது அதற்கு வெறும் எண். அலாரத்தின் கொக்கியைக் கேட்ட இடத்தில், மாற்றாமல் விட்ட மோட்டாரின் கொக்கியை அவன் கொடுத்துவிட்டான். அதுவும் மோட்டார் பெட்டியை அலாரப் பெட்டி என்று நினைத்துக் கொடுத்துவிட்டது. மோட்டார் பெட்டியின் நாலாவது அறையில் இருப்பது வேகம். அலாரப் பெட்டியின் நாலாவது அறையில் இருப்பது சத்தம். சத்தத்துக்குப் போக வேண்டிய எண் வேகத்தில் போய் விழுந்திருந்தது.

அந்த மேக்ரோவின் வயிற்றுக்குள்தான் அக்கா தன் கேள்வியை வைத்திருந்தார். விடையைத் தூக்கி எறிவது ஏன் என்று அவனுக்கு இப்போது புரிந்தது. விடைக்காகக் கேட்ட கேள்வியே இல்லை அது. இரண்டு முகவரிகளும் ஒரே இனமாக இருந்தால்தான் அந்தக் கேள்வியைக் கேட்கவே முடியும். வேறு வேறு இனமாக இருந்தால், இவற்றை எப்படி ஒப்பிடுவது என்று கம்பைலர் அங்கேயே அடம்பிடித்து உட்கார்ந்துவிடும். ஒரே இனமாக இருந்தால் கேள்வியும் விடையும் அந்த நொடியே மறைந்துபோகும், பம்புக்குள் ஒரு தூசிகூடப் போகாது. எவ்வளவு அழகாக யோசித்திருக்கிறார் இந்த மனுஷி என்று கத்திரி மலைத்துப்போனான். அவனும் பத்து வருஷமாக இதே வேலையில் இருக்கிறான். நாற்பது வரியை முப்பதாக்கியிருக்கிறான். ஒன்றுமே இல்லாமல் காவல் காக்கிற ஒரு வரியை அவன் இதுவரை எழுதியதில்லை.

மணி மூன்றேகால். எழுந்து ஜன்னல் பக்கம் போனான். அக்கா ஆரஞ்சில் பாதியை நீட்டினார். வாங்கிக்கொண்டு நின்றானே தவிர, எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"அக்கா, ஒரு லிஸ்ட் போட்டேன். அதுல உங்களுக்கு…" என்று மென்று விழுங்கினான்.

"பூஜ்யம். தெரியும்."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலை. எடை போடப்போறாங்கன்னு சொன்னதுமே நானும் ஒரு தடவை போட்டுப் பார்த்தேன்." அக்கா ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டார். "ஒரு பைட் வந்திருந்தாத்தான் தம்பி எனக்குக் கவலை. எங்கேயோ தப்பா எழுதியிருக்கேன்னு அர்த்தம்."

கத்திரி அவர் முகத்தையே பார்த்தான். வேலை போகப்போகிறது என்று தெரிந்த முகமாக அது இல்லை. ஆனால் மேஜையில் பென்சில்களும் மகள் வரைந்து கொடுத்த ஒரு படமும் ஏற்கெனவே ஒரு அட்டைப்பெட்டிக்குள் போயிருந்தன.

"ஏன்க்கா நீங்க போய்ச் சொல்லலை?"

"என்னன்னு சொல்றது? நான் இருந்ததால இதெல்லாம் நடக்கலைன்னா? நடக்காததைக் காட்டச் சொன்னா எங்க போவேன்?"

"இத்தனை தப்பும் வரும்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது? நான் இன்னிக்குப் பண்ணினதைப் போன வருஷமே எழுதிவச்சிருக்கீங்க. ஒட்டினதுகூடத் தெரிஞ்சிருக்கு."

அக்கா சிரித்தார். "எல்லாம் நான் பண்ணினதுதான். முந்தின வேலையில லிஃப்ட் கதவு. கதவு மூடுற நேரத்தைக் கேக்குற இடத்துல விளக்கு எரியிற நேரத்தைக் குடுத்துட்டேன். எங்கிருந்தோ எடுத்து ஒட்டினதுதான். மூணு நாள் தேடினேன். அந்த நானூறு வரியில ஒவ்வொண்ணுக்கும் அப்படி ஒரு மூணு நாள் இருக்கு. இன்னொருத்தருக்கும் மூணு நாள் எதுக்குன்னு எழுதி வச்சேன், அவ்வளவுதான்."

மணி நாலு அடித்தது. அக்கா பையை எடுத்துக்கொண்டார். "மீதி நாளைக்கு" என்று சொல்லிவிட்டு, கையில் ஆரஞ்சுத் தோலோடு படியிறங்கிப் போனார்.

நடக்காததைக் காட்ட முடியாது என்று அக்கா சொன்னது கத்திரியின் மண்டையைக் குடைந்தது. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அவனுக்குப் பொறி தட்டியது. மாமியார் எதையும் மறப்பதில்லை. யார், எந்த நாள், எந்த நிரலை அனுப்பினார்கள், என்ன சொல்லித் திருப்பி அனுப்பினோம் என்று எல்லாவற்றையும் ஒரு பதிவில் எழுதி வைத்திருக்கும். அந்தப் பதிவை இறக்கி, அக்காவின் வாக்கியங்களை மட்டும் தேடினான். மூன்று வருஷத்தில் ஆயிரத்து நூற்று இருபத்தாறு முறை. நோயாளியின் உடம்புக்குள் போகாமல் வாசலிலேயே நின்ற ஆயிரத்து நூற்று இருபத்தாறு தப்புகள். யார் யாருடையவை என்றும் பிரித்துப் பார்த்தான். பட்டியலில் முதல் வரி அவனுடையது. இருநூற்றுப் பதினாலு.

எடைப் பட்டியலிலும் முதல், இதிலும் முதல். தராசு இதைப் பார்த்தால் என்ன சொல்வார் என்று யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை. ஒருத்தர் ஒப்பந்தத்தை முடிக்க வந்தவர், இன்னொருத்தரையும் சேர்த்து முடித்துவிட்டுப் போகலாம். மொத்த எண் போதாதா, பெயர்கள் எதற்கு? ஒரே ஒரு நெடுவரிசை. அழித்தால் யாருக்கும் தெரியாது. வாழ்க்கையில் ஆயிரக்கணக்கான வரிகளை வெட்டியவனுக்கு எதையும் வெட்ட இவ்வளவு ஆசை வந்ததில்லை. அழிக்கும் விசையின் மேல் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். கீழே யாருக்கோ பல் குடையும் சத்தம் கேட்டது. பெயர் இல்லாத எண்ணைத் தராசு நம்பமாட்டார், அக்கா அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவார். விரலை எடுத்துவிட்டான். மனசாரச் செய்தான் என்று சொல்ல முடியாது, செய்தான்.

வெள்ளிக்கிழமை மூன்றரைக்கு எல்லோரும் சோதனை மேஜையைச் சுற்றி நின்றார்கள். அக்காவும் பையைத் தோளில் மாட்டியபடி ஓரமாக நின்றார். தராசு கையில் ஒப்பந்தக் காகிதம் இருந்தது.

"சார், அலாரத்தைக் கொஞ்சம் சத்தமா வைங்க" என்றான் கத்திரி.

தராசு பட்டனை நாலு தடவை அழுத்தினார். "சத்தம் கூடலையே." குவளையைப் பார்த்தார். "தண்ணி ஏன் இப்படிக் கொட்டுது?"

"நீங்க சத்தத்தைக் கூட்டினீங்க சார்."

தராசு பட்டனைக் குறைத்தார், கூட்டினார், மறுபடி குறைத்தார். குவளை நிரம்பி மேஜையில் வழிந்தது.

"இது யார் எழுதினது?"

"நான்தான் சார்."

"வெளியில போயிருக்கா?"

"இல்லை. அந்தப் பூஜ்யம் போக விடாது." அக்காவின் வரிகளோடு அதே நிரலை மாமியாருக்கு அனுப்பினான். சிவப்பு எழுத்தில் வாக்கியம் வந்தது. தராசு அதை வாய்விட்டுப் படித்தார். 'எங்கிருந்து எடுத்து ஒட்டினீர்கள்?' என்ற இடத்தில் இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள், அவர்களும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் தப்பித்தவர்கள்தான்.

"இதை எழுதினது ஜன்னல் அக்கா. மாமியார் சொல்ற எல்லாமே அக்கா எழுதினதுதான்" என்றான் கத்திரி. எட்டுத் தலைகள் ஒரே நேரத்தில் ஓரமாகத் திரும்பின. அக்கா பையின் வாரைச் சரிசெய்துகொண்டார்.

தராசு வழக்கம்போலக் கேட்டார். "இதுக்கு ஒரு நம்பர் குடுங்க."

கத்திரி பட்டியலைத் திரையில் போட்டான். "ஆயிரத்து நூத்தி இருபத்தாறு."

"முதல்ல இருக்குறது நீங்களா?"

"ஆமா சார். இருநூத்திப் பதினாலு." சொல்லும்போது அவன் காது மடல்கள் சூடாயின.

தராசு விரலைப் பட்டியலில் மேலிருந்து கீழே ஓட்டிக்கொண்டே வந்தார். கடைசிக்கு முந்தின வரியில் விரல் நின்றது. "என் பேர் எப்படி இதுல வந்தது?"

வேலைக்குச் சேர்ந்த வாரத்தில், நானும் ஒரு காலத்தில் நிரல் எழுதியவன்தான் என்று காட்டுவதற்காக அவர் சின்னதாக ஒரு மாற்றம் எழுதி அனுப்பியிருந்தார். மாமியார் அதை ஆறு தடவை திருப்பி அனுப்பியிருந்தது. அறையில் இருந்த எல்லோரும் திடீரென்று கூரையில் எதையோ பார்க்க ஆரம்பித்தார்கள்.

அந்த நேரம் பார்த்து மணி நாலு அடித்தது. "பொண்ணு காத்திருப்பா" என்றார் அக்கா. தன் ஒப்பந்தக் காகிதம் மேஜையில் திறந்து கிடப்பதை ஒரு தடவை பார்த்தார். பிறகு படியிறங்கிப் போனார்.

அக்காவின் காலடிச் சத்தம் தேயும் வரை தராசு கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். நிரம்பி வழிந்த குவளையை எடுத்துத் தள்ளி வைத்தார், ஈரம் படாத இடமாகப் பார்த்துக் காகிதத்தை விரித்தார்.

"அவங்க மேல தப்பு இல்லை. தராசு சரியில்லை" என்றார்.

ஏழு பேருக்கு ஒரே நேரத்தில் இருமல் வந்தது. எட்டாவது ஆளான கத்திரி உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினான். தராசு ஒரு வருஷம் என்று அச்சிட்டிருந்ததை அடித்துவிட்டு, நிரந்தரம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்த மனிதர் நல்லவர்தான், எண்ணைக் காட்டத்தான் ஒரு ஆள் வேண்டியிருந்தது.

கத்திரி காகிதத்தோடு படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி ஓடினான். பல் மருத்துவரிடம் காத்திருந்தவர்கள் வலி தாங்காமல் ஓடுகிறான் என்று பரிதாபமாகப் பார்த்தார்கள். பள்ளி வாசலில் அக்காவைப் பிடித்தான். மகள் ஒரு கையில் தொங்கிக்கொண்டிருந்தாள். அக்கா காகிதத்தைப் படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார். அதை மகளிடம் கொடுத்துவிட்டு, புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இதுல என்னம்மா எழுதியிருக்கு?" என்றாள் மகள்.

"நாளைக்கும் இதே நேரத்துக்கு வருவேன்னு எழுதியிருக்கு."

"நாளைக்கு சனிக்கிழமை" என்றாள் மகள்.

கத்திரி மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னான், "அக்கா, இனிமே அந்த வாக்கியங்களுக்குக் கீழ உங்க பேரைப் போடுங்க. எழுதினது யாருன்னு தெரியணும்."

"வேண்டாம் தம்பி. பேரைப் போட்டா என்னைத் திட்டுவீங்க. இப்ப மாமியாரைத் திட்டுறீங்க. அவளுக்குத்தான் காது கிடையாதே."

"உங்களுக்குக் கேட்டுக்கிட்டுதானே இருந்தது?"

"மூணு மேஜைதானே" என்றார் அக்கா. "நீங்கதான் ரொம்பச் சத்தமா திட்டுவீங்க. ஒரு தடவை நீங்க திட்டின திட்டுல, அந்த வாக்கியத்தையே கொஞ்சம் மரியாதையா மாத்தி எழுதினேன்."

திங்கட்கிழமை கத்திரி அலாரப் பட்டனைத் திருத்தி எழுதினான். அவசரத்தில், மோட்டாரின் இடத்தில் இந்த முறை திரையின் கொக்கியைக் கொடுத்து மாமியாருக்கு அனுப்பினான். அது நொடியில் திரும்பி வந்தது.

'இங்கே கேட்டது அலாரத்தின் கொக்கி. நீங்கள் கொடுத்திருப்பது திரையின் கொக்கி. ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள்.'

இருநூற்றுப் பதினைந்து. வாய்வரைக்கும் வந்த வசவு பாதியில் நின்றது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தான். தப்பைத் திருத்தினான். நிரல் மறுபேச்சில்லாமல் போயிற்று. சோதனைப் பம்பில் சத்தப் பட்டனை நாலு தடவை அழுத்தினான். அலாரத்தின் சத்தம் கூடிற்று, குறைத்தபோது குறைந்தது. குவளையில் ஐந்து நொடிக்கு ஒரு சொட்டு விழுந்தது. பட்டனை எத்தனை தடவை அழுத்தினாலும் ஐந்து நொடிக்கு ஒரே ஒரு சொட்டு. அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான். மனைவியின் வார்டில் அடுத்த மாதம் இதுதான் தொங்கும்.

"அக்கா" என்று தன்னை மறந்து கூப்பிட்டுவிட்டான்.

ஜன்னலோரத்தில் பென்சில் நின்றது. "என்ன தம்பி?"

என்னென்னவோ சொல்ல வேண்டும்போல இருந்தது. சொட்டு விழுந்தது.

"ஒண்ணுமில்லக்கா" என்றான்.